சன்னல் இல்லாத ஆடி

என்னைப் புத்திசாலி என்று நம்புகிறவர்கள் இன்னும் யாராவது மிச்சமிருந்தால், அவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடி பிறக்க நாலைந்து நாள் இருக்கும்போது என் வீட்டுச் சன்னல்கள் அத்தனையையும் நானே ஆள் வைத்துக் கழற்றி, நானே விலை பேசி விற்று, வண்டியில் ஏற்றும்போது "பாத்துய்யா, பாத்து, முனை இடிச்சிறப் போகுது" என்று அக்கறையாகச் சொல்லி வழியனுப்பியும் வைத்தேன். புதுச் சன்னல்கள் அப்போது வீட்டில் இல்லை. கடையிலும் இல்லை. இன்னும் உண்மையைச் சொன்னால், அவற்றுக்கு நான் ஆர்டரே கொடுத்திருக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரண அசட்டுத்தனமாகத் தோன்றலாம். கம்பம் பள்ளத்தாக்கில் குடியிருக்கிறவர்களுக்குத்தான் இதன் முழு அளவும் தெரியும். மேற்கே கேரளத்தில் மழையை எல்லாம் இறக்கிவைத்துவிட்டு, மலையைத் தாண்டி வெறுங்கையோடு இறங்குகிற காற்று, அந்தக் கோபத்தை எங்கள் மேல்தான் காட்டும். ஆனியில் ஆரம்பித்து ஆடியில் உச்சத்துக்குப் போகும். குலை தள்ளிய வாழைகளை வரிசையாகப் படுக்கவைக்கும். கொடியில் காயப்போட்ட வேட்டி நாலு வீடு தள்ளிப் போய்க் கிடக்கும். அங்கே யாராவது மடித்து வைத்திருப்பார்கள். உழுது போட்ட காட்டுப் புழுதி மொத்தமும் எழுந்து ஊருக்குள் வரும். எங்கள் வீடு ஊரின் மேற்குக் கடைசி. காற்று ஊருக்குள் நுழைந்ததும் முதலில் விசாரிப்பது எங்களைத்தான்.

வீடு என் அப்பா கட்டியது. அவர் வெளிச்சப் பிரியர். சுவர் கண்ட இடமெல்லாம் கம்பி பதித்த மரச் சன்னல், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சோடி, கீழே ஒரு சோடி என்று கதவுகள். அவர் காலத்தில் அவை மூடியிருக்கலாம். என் காலத்தில் சட்டத்தைக் கரையான் தின்றது. கரையான் விட்டுவைத்ததை வெயில் வளைத்தது. ஒரு கதவை மூடினால் அடுத்தது திறந்துகொள்ளும். என்னையும் என் மனைவியையும் போலத்தான், இரண்டும் ஒரே நேரத்தில் வாயை மூடியதே கிடையாது.

அவளுக்கு இளைப்பு உண்டு. மற்ற மாதங்களில் ஒன்றும் தெரியாது. புழுதிக் காற்று வந்தால் மூச்சு இழுக்கும். அதனால் ஆனி பிறந்ததும் அவள் ஒரு வேலையை ஆரம்பிப்பாள். பழைய நூல் சேலைகளைக் கிழித்துத் திரியாக முறுக்கி, சன்னல் இடுக்குகளில் வைத்து, தோசைத் திருப்பியின் காம்பால் குத்திக் குத்தி அடைப்பாள். எந்தச் சன்னலுக்கு எந்தத் திரி என்று அவளுக்குத் தெரியும். சமையலறைக்குத் தடிமன், படுக்கையறைக்கு மெலிசு. காற்று ஓய்ந்ததும் எல்லாவற்றையும் உருவி, துவைத்துக் காயவைத்து, ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் போட்டுப் பரணில் வைத்துவிடுவாள். நான் அதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. பெண்கள் ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

போன வருஷம் ஆடியில் திரிகளையும் மீறிப் புழுதி வந்தது. ஒரு மத்தியானம் அவளுக்கு மூச்சு இழுத்து, பேச்சே வரவில்லை. காரைப் பிடித்துத் தேனிக்குக் கொண்டுபோனேன். மூக்கில் மூடியை மாட்டி மருந்துப் புகை கொடுத்த பிறகுதான் முகத்தில் நிறம் வந்தது. டாக்டர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "வீட்டுக்குள்ள தூசி வராமப் பாத்துக்கங்க சார். ஒவ்வொரு தடவையும் இப்படி நேரத்துக்கு வந்து சேருவீங்கன்னு சொல்ல முடியாது" என்றார். அது அவள் காதிலும் விழுந்தது. வாசற்படி ஏறும்போது நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "அடுத்த ஆடிக்குள்ள இந்தச் சன்னலை மாத்திருங்க" என்றாள். அவ்வளவுதான்.

மாற்றியிருக்கலாம். கையில் ஓரளவு இருந்தது. ஆனால் எனக்கு ஒரு தொழில் வியாதி. கம்பத்தில் ஏலக்காய் மண்டி ஒன்றில் வேலை பார்த்து ஓய்ந்தவன் நான். விலை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், 'பொறு, இன்னும் கொஞ்சம் இறங்கும்' என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். ஏலக்காய் விலை ஏறும், இறங்கும். சன்னல் ஏலக்காய் இல்லை என்று என்னிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

மாசியில் கிளம்பினேன். ஒரு பக்கம் போடி, இன்னொரு பக்கம் ஆண்டிபட்டி வரைக்கும், சன்னல் என்று எழுதியிருந்த கடை ஒன்றையும் விடவில்லை. தச்சு ஆசாரி ஒருவர் தேக்கில் செய்ய ஒரு விலை சொன்னார். "சன்னலுக்குத்தான கேட்டேன், வீட்டுக்கா சொல்றீக?" என்றேன். அவர் என்னை அதற்கப்புறம் கண்டுகொள்ளவில்லை. இரும்பு பார்த்தேன், துருப்பிடிக்கும். அலுமினியம் பார்த்தேன், தட்டினால் தகர டப்பா சத்தம். கடைசியில் யூபிவிசி. பிளாஸ்டிக்தான். ஆனால் பிளாஸ்டிக் என்று சொல்லிவிட்டால் கடைக்காரர்களுக்கு அவர்கள் மாமியாரைப் பேசியது மாதிரி முகம் மாறிவிடும். உண்மையில் மாமியாரைப் பேசினால்கூட அவ்வளவு மாறாது.

எல்லாக் கடையிலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விலை சொல்வார்கள். கேட்கும்போது மனசு குளிரும். அப்புறம்தான் ஆரம்பிக்கும்.

"கொசுவலை?"

"அது தனிண்ணே."

"கிரில்லு?"

"தனி."

"பழசைப் பேத்துட்டு, செவுத்தைப் பூசுறது?"

"அது கொத்தனாரு வேலைண்ணே, நம்மகிட்ட வராது."

"கொண்டாந்து சேக்குறது?"

"அது வண்டிக்காரவுக."

சின்னமனூரில் ஒரு கடையில் எனக்கே அலுத்துப்போய், "அப்ப நீ சொல்ற வெலையில என்னதாம்ப்பா வரும்?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பையன் நிஜமாகவே கொஞ்சம் யோசித்துவிட்டு, "சன்னலு வரும்ணே" என்றான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் காபியை வைத்துவிட்டு, "என்ன முடிவு பண்ணீக?" என்பாள். "இன்னும் ரெண்டு கடை பாக்கணும்" என்பேன். பங்குனி போனது, சித்திரை போனது. வைகாசியில் ஒருநாள், "நீங்க கடையெல்லாம் பாத்து முடிக்கிறதுக்குள்ள, ஊர்ல இருந்து என்னையப் பாக்க மாலையோட ஆளுக வந்துருவாக" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆனியில் முதல் காற்று அடித்தது. அவள் பரணிலிருந்து கட்டைப்பையை இறக்கிவிட்டாள். அதே வாரம்தான் தேனியில், நான் ஏற்கனவே விலை கேட்டிருந்த ஒரு கடை வாசலில் ஒரு துணி பேனரைப் பார்த்தேன். ஆடி ஒன்று முதல் ஆடித் தள்ளுபடி! சேலைக்குப் போடுவார்கள், குக்கருக்குப் போடுவார்கள், சன்னலுக்கும் போட்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாசியிலிருந்து நான் காத்திருந்தது வீண் போகவில்லை. விலை இறங்கிவிட்டது!

ஒரே ஒரு சிக்கல். ஆடியில் வீட்டு வேலை எதையும் தொடங்கக் கூடாது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, சொந்தக்காரர்களுக்கு இருந்தது. அதற்கும் திரும்பி வரும் பஸ்ஸிலேயே வழி கண்டுபிடித்தேன். பழைய சன்னல்களை ஆனியிலேயே கழற்றிவிட்டால், வேலை ஆனியில் தொடங்கியதாகத்தானே கணக்கு? ஆடியில் நடப்பது தொடர்ச்சிதான். பஞ்சாங்கத்துக்கும் பங்கமில்லை, தள்ளுபடிக்கும் பங்கமில்லை. இரண்டு பேரையும் ஒரே அடியில் ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

பழைய மரச் சாமான் வாங்குகிற ஒருவர் அப்போது எங்கள் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார். வந்து பார்த்தார். நான் கரையான் அரித்த இடத்தைத் தோளால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை நகரச் சொல்லி, அதைத் தடவிப் பார்த்து, "இதாங்கய்யா இப்ப கேக்குறாக. புதுச் சன்னல்லயே இப்படிச் செதுக்கித் தரச் சொல்றாக" என்றார். நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே விலை சொன்னார். ஆனால் இந்த நடையிலேயே ஏற்றிவிட வேண்டும், திரும்ப எப்போது வருவார் என்று தெரியாது. அது இன்னும் வசதி என்று எனக்குப் பட்டது.

கழற்றும்போது அவள் திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, புதுசு வந்தப்புறம் கழட்டுனா ஆகாதா?"

"ஆடியில தொடங்கக் கூடாதுல்ல. அதான் இப்பவே தொடங்கியாச்சு."

"நீங்க எப்ப இருந்து இதெல்லாம் பாக்க ஆரம்பிச்சீக?"

அன்றைக்குப் பார்த்துக் காற்று அடங்கி, ஒரு இலை அசையவில்லை. வெறும் ஓட்டைகளாக நின்ற சன்னல்களில் தார்ப்பாயைக் கட்டினேன். "நாலு நாளைக்குத்தான்" என்றேன். அதை நான் மனமார நம்பினேன் என்பதுதான் இதில் கேவலமான விஷயம்.

ஆடி ஒன்றாம் தேதி, கடை திறக்கும் முன்பே தேனியில் போய் நின்றேன். முதலாளி இளவயசு. ஏசி அறையில் உட்காரவைத்தார். பேரம் பேசி முடித்து, முன்பணத்தை எண்ணி வைத்துவிட்டு, "அப்ப நாளைக்கு வண்டி அனுப்பிருவீகளா?" என்று கேட்டேன். சட்டைக் கடையில் சட்டை தொங்குவதுபோல, உள்ளே எங்கேயோ என் அளவுக்குச் சன்னல்கள் தொங்குவதாக நான் நினைத்திருந்தேன்.

"நாளைக்கு ஆளு வந்து அளவு எடுத்துருவாக சார். அளவு கோயம்புத்தூருக்குப் போகும். அங்க செஞ்சு வரணும். ஆவணி பொறந்ததும் வரிசையா மாட்டிக் குடுத்துருவோம்."

"ஆவணியா?"

"ஆடியில யாரு சார் வீட்டுக்குச் சன்னல் வைப்பா? யாரும் வைக்க மாட்டாகன்னுதான இந்தத் தள்ளுபடியே போடுறோம். ஆடியில புக்கிங் மட்டுந்தான்."

"இல்ல தம்பி, வீட்டுல சன்னல் இல்ல."

"பரவாயில்ல சார், பழசு கெடக்கட்டும் அதுவரைக்கும்."

"பழசை வித்துட்டேன்."

அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். ஏசியைக் கொஞ்சம் கூட்டினார். "எதுக்கு சார்?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தள்ளுபடிக்காக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வது என்று பலவிதமாக ஒத்திகை பார்த்தேன். வீரபாண்டி தாண்டும்போது கடைக்காரன் மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன். உத்தமபாளையம் வருவதற்குள் கோயம்புத்தூர் மேல் போட்டுப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்து உள்ளது உள்ளபடி சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரிப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு சன்னலுக்குச் சன்னல் போய்ப் பார்த்தாள். அடைக்க இடுக்கு எங்கே இருந்தது? முழுச் சுவரும் திறந்து கிடந்தது.

"இதை எங்கன வைக்க?" என்றாள்.

நான் வாங்கிப் பரணில் வைத்தேன்.

மறுநாள் காற்று வந்தது. இத்தனை வருஷமாக வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தவன் உள்ளே வந்து பாய் விரித்துப் படுத்தது மாதிரி வந்தது. தார்ப்பாய்கள் உப்பின, அமுங்கின, கயிற்றை அறுத்துக்கொண்டு அறைந்தன. நாட்காட்டி ஆடியைக் கிழித்துக்கொண்டு நேராகக் கார்த்திகைக்குப் போனது. தயிரில் மண், தலையணையில் மண், மூடிவைத்த சோற்றிலும் எப்படியோ மண். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு மாமன் முறை. கேலி செய்ய உரிமை உள்ளவர். சுற்றுச்சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, "என்ன மாப்ள, வீட்டையே காயப் போட்டிருக்கீக?" என்றார். மறுநாள் பாய்கள் உப்பி நிற்பதைப் பார்த்துவிட்டு, "கப்பல் எப்ப கெளம்புது? சொல்லுங்க, நானும் அத்தையும் ஏறிக்கிறோம்" என்றார். பிளைவுட் வாங்கி அடிக்கச் சொல்லி யோசனையும் சொன்னார். அடித்தேன். ஒரு பக்கம் அடித்தால் காற்று அடுத்த பக்கம் சுற்றி வந்தது. திருடன் வந்துவிடுவானோ என்று முதலில் பயந்தேன். பிறகு, வந்தால் ஒரு கை கூட்டிவிட்டுப் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

அவளுக்கு அந்த வாரமே இழுக்க ஆரம்பித்தது. உள்ளறையில் சுவரில் தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக் கிடப்பாள். இன்ஹேலரை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். பிறகு விசில் மாதிரி மெலிசாக அந்த மூச்சு. நான் வாசலில் நிற்பேன். வேடிக்கையாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறவன் நான். அந்த மூச்சுச் சத்தத்துக்கு முன்னால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

"நான் மதுரைக்குப் போறேன்" என்றாள். மகள் அங்கே இருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னால் நடந்தாள். சீட்டில் உட்கார்ந்ததும், புழுதி அடிக்குமே என்று அவள் பக்கத்து பஸ் சன்னலை மூடப் பார்த்தேன். நகரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தேன்.

"விடுங்க. பஸ்ஸு சன்னலையும் கழட்டிறாதீக" என்றாள். இடத்தை மாற்றி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது.

அதன்பிறகு நானும் காற்றும்தான். காலையில் எழுந்து கூட்டுவேன். வாசல்வரை கூட்டித் திரும்பினால் ஆரம்பித்த இடத்தில் மறுபடி மண் படிந்திருக்கும். உடம்பில் உள்ள எலும்பெல்லாம் தனித்தனியாக வலித்தது. அதற்கும் தனி விலைதான் போல. சில நாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு தோசைத் திருப்பியையும் கிழிந்த சேலையையும் வைத்துக்கொண்டு இவள் இத்தனை ஆடிகளாக இதைத்தான் தடுத்து நிறுத்தினாளா என்று ஆச்சரியமாக இருக்கும்.

போனில் பேசினால் பொய் சொல்வேன்.

"காத்து எப்படி இருக்கு?"

"இந்தத் தடவ கம்மிதான்."

"பின்னால என்ன படபடன்னு சத்தம்?"

"புறா."

"எத்தன புறா?"

நான் வேறு பேச்சுக்குப் போனேன். ஒருநாள் மகள் போனை வாங்கி, அவளுக்குக் கேட்காத இடத்துக்குப் போய், "அப்பா, அம்மா இங்க வந்துதான் படுத்துத் தூங்குது. அங்க திரும்ப அனுப்ப எனக்குப் பயமா இருக்கு. சன்னல் மாட்டுனாலும் மாட்டாட்டியும் இங்கயே இருக்கட்டுமே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தன்மையாகச் சொன்னாள். "அம்மாகிட்டக் கேளு" என்றேன். "கேட்டேன். ஒண்ணும் சொல்லல" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு விலை என்றால் என்னவென்று உறைத்தது. மண்டியில் எனக்கு அது தெரியவே இல்லை.

ஆவணி பிறந்து, ஒருவழியாக வண்டி வந்தது. சன்னல் வந்தது. வலை தனியாக வந்தது, கிரில் தனியாக, கொத்தனார் தனியாக. தார்ப்பாய், பிளைவுட், பஸ் செலவு, டாக்டர், இன்ஹேலர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அந்த ஆசாரி சொன்ன தேக்கு விலை எட்டிப் பார்த்துச் சிரித்தது. இப்படி ஒரு கணக்கை மண்டியில் கொடுத்திருந்தால் முதலாளி என்னை மலைத் தோட்டத்துக்குக் காவலுக்கு அனுப்பியிருப்பார். ஆனால் ஒன்று, சன்னல்கள் அழகாகத்தான் இருந்தன. வெள்ளை வெளேரென்று. ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய் 'டக்' என்று மூடின. காற்று உள்ளே வருகிறதா என்று பார்க்கலாம் என்றால், காற்றே இல்லை. அது தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஒவ்வொரு ஓரமாகப் பிடித்துப் பார்த்தேன். புகை நேராக மேலே போனது. மாமன் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, சன்னலுக்குப் பூசையா?" என்றார்.

போன் பண்ணி, "மாட்டியாச்சு" என்று மட்டும் சொன்னேன். வா என்று கூப்பிட எனக்குத் தைரியமில்லை.

"ம்" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவளாகவே பஸ் ஏறி வந்தாள். விடிகாலையிலிருந்து வீட்டைத் துடைத்து வைத்திருந்தேன். பையை வைத்துவிட்டு ஒவ்வொரு சன்னலாகப் போனாள். திறந்தாள், மூடினாள். சட்டத்தின் ஓரத்தில் விரலை ஓட்டி விரலைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த மேற்கு மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் நோட்டைத் திருத்தக் கொடுத்துவிட்டு நிற்கிறவனைப் போல நான் பின்னாலேயே போனேன். கடைசியில் பையைத் திறந்து இன்ஹேலரை எடுத்து, ஃப்ரிட்ஜ் மேல் அது வழக்கமாக இருக்கிற இடத்தில் வைத்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மூச்சு வந்ததும் எனக்கு வாயும் வந்துவிடும். பரணிலிருந்து கட்டைப்பையை இறக்கினேன்.

"இந்தா, இனிமே இந்தக் கந்தலுக்கு வேலை இல்ல. குப்பை வண்டியில போட்டுறட்டுமா?"

அவள் பையை என் கையிலிருந்து வாங்கினாள். மேலே படிந்திருந்த மண்ணை வாசலில் போய்த் தட்டினாள். உள்ளே வந்து, என்னிடமே திருப்பிக் கொடுத்து, பரணைக் காட்டினாள்.

"அடுத்த ஆடி வரட்டும்."